காசு கொடுக்கும் முன் ஒரு மாலை: பொழுதுபோக்கு எடிட்டருக்கான மென்பொருள் தேர்வு

"எந்த வீடியோ எடிட்டிங் மென்பொருள் நல்லது?" என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியவை இரண்டு. எதில் படம் பிடிக்கிறீர்கள்? எந்தக் கணினியில் வெட்டப் போகிறீர்கள்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பட்டியலில் பாதிப் பெயர்கள் தானாகவே விழுந்துவிடும். மிச்சமிருப்பதில் மூன்றை உங்கள் சொந்தக் கிளிப்புகளோடு ஒரு மாலை ஓட்டிப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். விளம்பரப் பக்கத்தில் வரும் எஃபெக்ட் எண்ணிக்கை, டெம்ப்ளேட் எண்ணிக்கை எதுவும் இதில் சேராது.

கோயில் திருவிழா, பேரன் பிறந்தநாள், சமையல் சேனல், பைக் பயணம், பாட்டுக் கச்சேரிப் பதிவு மாதிரியான வேலைகளுக்குத்தான் இந்தக் குறிப்பு. சம்பளத்துக்கு எடிட் செய்பவர்களின் கணக்கு வேறு.

முதலில் கிளிப்பைப் பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற சிறிய இலவச மென்பொருளை இறக்குங்கள். உங்கள் கிளிப் ஒன்றை அதில் திறந்து மூன்று விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கோடெக் (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) எது, பிட் டெப்த் (நிறத்தின் நுணுக்கம்) எத்தனை, ஃபிரேம் ரேட் மோடில் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை தனிப் படம், என்பது நிலையானதா என்று சொல்லும் இடம்) என்ன போட்டிருக்கிறது.

கோடெக் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 ஆக இருக்கும். எச்.265க்கு எச்இவிசி என்றும் பெயர். இரண்டும் இடத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்தவை, வெட்டி ஒட்டுவதற்காக அல்ல. எல்லா ஃபிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒரு முழுப் படம் இருக்கும். அதை அடுத்து வருபவற்றில் என்ன மாறியது என்ற கணக்கு மட்டும் இருக்கும். நேராக ஓடவிட்டால் சிக்கல் இல்லை. எடிட் செய்யும்போது டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) நடுவில் எங்கோ சொடுக்குவீர்கள். அந்த ஒரு ஃபிரேமைக் காட்ட, மென்பொருள் பின்னால் இருக்கும் முழுப் படத்துக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். "படம் பார்க்கும்போது நன்றாக ஓடுகிறது, எடிட்டரில் போட்டால் திக்குகிறது" என்பதற்குக் காரணம் இதுதான். மென்பொருளை மாற்றினால் இது கொஞ்சம் குறையலாம், முழுசாகப் போகாது. ப்ராக்ஸிதான் மருந்து: மூலக் கிளிப்புக்குப் பதிலாக எடிட் செய்யும்போது மட்டும் ஓடும் இலகுவான நகல். எங்கே எப்படி என்று கீழே பார்ப்போம்.

பிட் டெப்த் 8 என்றால் கவலை இல்லை. 10 என்றால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மிரர்லெஸ் கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 எச்.265 பதிவு தருகின்றன. 4:2:2, 4:2:0 என்பவை நிற விவரம் எவ்வளவு சேமிக்கப்படுகிறது என்பதன் குறி; 4:2:2இல் அது கூடுதல். இன்டெல் சிப்புகளில் 7ஆம் தலைமுறையிலிருந்து 10 பிட் 4:2:0 எச்.265ஐ வன்பொருளே அவிழ்க்கும். 4:2:2க்கு அதைவிடப் புதிய, 11ஆம் தலைமுறை போன்ற சிப் வேண்டும். அதற்குக் கீழே என்றால் முழுப் பாரமும் பிராசசர் தலையில் விழும். விசிறி கத்தும், படம் நகராது. கேமராவிலேயே 8 பிட்டுக்கு மாற்றிப் பிடிப்பது பொழுதுபோக்கு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. ஃபிரேம் ரேட் மோடில் 'வேரியபிள்' என்று இருந்தால் அந்தக் கிளிப்பில் வினாடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற கணக்கு நிலையாக இல்லை. கைபேசிகளும் திரைப்பதிவு மென்பொருள்களும் இப்படித்தான் பதிகின்றன; வெளிச்சம் குறைந்தால் கைபேசி ஃபிரேம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எடிட்டரோ நிலையான வேகத்தை எதிர்பார்க்கிறது. 10 நிமிடக் கிளிப்பின் சராசரி 29.7 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 17,820 ஃபிரேம்கள். இதை 30 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால் படம் 594 வினாடியில் முடிந்துவிடும்; ஒலி 600 வினாடி ஓடும். கடைசியில் 6 வினாடி இடைவெளி. தொடக்கத்தில் உதடும் குரலும் சரியாக இருந்து, போகப்போக விலகினால் இதுதான் நோய்.

இதற்கு வழி எளிது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைப் போட்டு, வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்தெடுத்து, தரத்தை ஆர்எஃப் 18 அளவில் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஷாட்கட், கேடென்லைவ் என்ற இலவச எடிட்டர்கள் இப்படிப்பட்ட கிளிப்பைக் கண்டவுடன் தாங்களாகவே மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். அந்தப் பெட்டியை எரிச்சலோடு மூடிவிடாமல் 'சரி' கொடுங்கள்.

கணினி எவ்வளவு தாங்கும்

8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினி: இதுதான் பல வீடுகளில் இருப்பது. இதில் 1080பி எடிட் தாராளமாகச் செய்யலாம். 4கே வேண்டுமானால் ப்ராக்ஸியோடு செய்யலாம். ஆனால் டாவின்சி ரிசால்வ் என்ற கனமான எடிட்டரை இதில் நிறுவ வேண்டாம். அது 16 ஜிபி ராமும் 4 ஜிபி மெமரியுள்ள கிராபிக்ஸ் கார்டும் இருந்தால்தான் ஒழுங்காக மூச்சுவிடும். அதன் ஃப்யூஷன் பக்கத்தை (எஃபெக்ட் செய்யும் பகுதியை) தொடப் போகிறீர்கள் என்றால் 32 ஜிபி. குறைந்த கணினியில் நிறுவ முடியும், திறக்கவும் செய்யும். மூன்றாவது கிளிப்பில் 'ஜிபியு மெமரி ஃபுல்' என்ற அறிவிப்பு வந்து நிற்கும்.

பழைய கணினியில் முதலில் செலவழிக்க வேண்டியது மென்பொருளுக்கு அல்ல. சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். ராம் 8 இருந்தால் 16 ஆக்குங்கள். ஒரு வருட சந்தாப் பணத்தில் இந்த இரண்டும் அநேகமாக முடிந்துவிடும், பலனும் உடனே தெரியும்.

டிஸ்க் இடத்தையும் கணக்கிடுங்கள். ஐபோனில் 4கே 30 ஃபிரேம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. ஒரு மணி நேரம் 10 ஜிபி. அதே காட்சியை எடிட்டுக்குத் தோதான ப்ரோரெஸ் 422க்கு மாற்றினால் 1080பியிலேயே நிமிடத்துக்கு 1.1 ஜிபி, மணிக்கு 66 ஜிபி. அதனால் எல்லாவற்றையும் ப்ரோரெஸ் ஆக்கிக்கொள்ளச் சொல்லும் அறிவுரையைப் பொழுதுபோக்குக்காரர் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ப்ரோரெஸ் ப்ராக்ஸி என்றால் 1080பியில் நிமிடத்துக்கு 340 எம்பி. அது தாங்கும், வேலை முடிந்ததும் அழித்தும் விடலாம்.

காசில்லாமல் கிடைப்பவை

வெட்டுவது மட்டும்தான் வேலையா? இரண்டு மணி நேரக் கச்சேரிப் பதிவில் முன்னும் பின்னும் நறுக்கி, நடுவில் ஒரு பாட்டைத் தனியாக எடுக்க வேண்டும், அவ்வளவுதானா? அப்படியென்றால் எடிட்டரே வேண்டாம். லாஸ்லெஸ்கட் போதும். அது படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே வெட்டித் தரும். தரம் குறையாது, இரண்டு மணி நேரக் கோப்பும் சில வினாடியில் முடியும். ஒரே கட்டுப்பாடு, மேலே சொன்ன முழுப் பட இடங்களில்தான் சுத்தமாக வெட்ட முடியும். நீங்கள் குறித்த இடத்துக்கு ஓரிரு வினாடி முன்னதாகவே வெட்டு விழலாம். கச்சேரிக்கு அது பொருட்டல்ல.

ஷாட்கட். பழைய விண்டோஸ் மடிக்கணினிக்கு முதலில் முயல வேண்டியது இது. திறமூலம், வாட்டர்மார்க் (படத்தின் மேல் விழும் முத்திரை) கிடையாது, கணக்குத் திறக்கச் சொல்லாது. நிறுவாமல் ஜிப் கோப்பைப் பிரித்து ஓடவிடும் பதிப்பும் உண்டு; பள்ளி, அலுவலகக் கணினியில் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு உதவும். முகப்பு கொஞ்சம் வித்தியாசமானது. எஃபெக்டை 'ஃபில்டர்' என்றுதான் தேட வேண்டும். டைம்லைன் தானாக வந்து நிற்காது, டிராக்கை (கிளிப்புகளை வைக்கும் அடுக்கை) நீங்கள்தான் சேர்க்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாக இருக்கும். செட்டிங்ஸ் மெனுவில் 'ப்ரிவியூ ஸ்கேலிங்' 360பி அல்லது 540பி என்று வையுங்கள், 'ப்ராக்ஸி'யை இயக்குங்கள். 8 ஜிபி கணினியில் 4கே கிளிப் நகரத் தொடங்கும். ஏற்றுமதி இயல்பாக மூலக் கிளிப்பிலிருந்தே நடக்கும், தரம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

கேடென்லைவ். ஷாட்கட் ஓடும் அதே எம்எல்டி எஞ்சின்தான் இதற்குள்ளும். ஆனால் பல டிராக், பல கேமரா, நிறைய கிளிப் என்று வேலை வளர்ந்தால் இதுதான் வசதி. கிளிப்புகளை அடுக்கும் 'ப்ராஜெக்ட் பின்', டைட்டில் எழுதும் தனிச் சாளரம், ஒரு டைம்லைனுக்குள் இன்னொரு டைம்லைன் எல்லாம் உண்டு. விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளைச் சேர்த்து நிறுவினால் பேச்சை எழுத்தாக்கி சப்டைட்டிலும் தரும். தமிழையும் எடுத்துக்கொள்ளும், ஆனால் ஊர்ப் பெயர்களையும் வட்டார வழக்கையும் கையால் திருத்தத்தான் வேண்டியிருக்கும். லினக்ஸில் இதுதான் முதல் தேர்வு. விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். எப்போதாவது மூடிக்கொள்ளும் பழக்கம் உண்டு. பாதியில் நின்றால் மறுபடி திறக்கும்போது மீட்டுத் தரட்டுமா என்று கேட்கும். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கும் பழக்கம் விரலில் இருக்க வேண்டும்.

டாவின்சி ரிசால்வ். கணினி தாங்குமென்றால் இலவசத்தில் இதற்கு ஈடு இல்லை. நிறம் திருத்தும் பகுதி திரைப்படத் துறையில் புழங்கும் அதே கருவி. ஒலிக்கான ஃபேர்லைட் பக்கமும் அதற்குள்ளேயே. இலவசப் பதிப்பு 3840×2160 அளவில் வினாடிக்கு 60 ஃபிரேம் வரை ஏற்றுமதி செய்யும், வாட்டர்மார்க் இல்லாமல். இல்லாதவை: படத்தின் இரைச்சல் (புள்ளிகள்) நீக்கம், ஆளைத் தானாகப் பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க், சில எஃபெக்டுகள். கட்டணப் பதிப்புக்குரிய எஃபெக்டை இலவசத்தில் போட்டால் படத்தின் மேல் முத்திரை விழும், அதை எடுத்துவிட்டால் முத்திரையும் போய்விடும். லினக்ஸ்காரர்கள் கவனிக்க: அங்கே இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்கவே திறக்காது. கைபேசிக் கிளிப் எல்லாவற்றையும் முதலில் மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

மேக் வைத்திருப்பவர் ஐமூவியில் தொடங்கலாம். கணினியோடு இலவசமாக வருவது, எச்.265ஐ நன்றாகக் கையாள்வது. முக்கிய டிராக்கின் மேல் இன்னொன்றே ஒன்றுதான் வைக்க முடியும் என்பது அதன் எல்லை. மூன்றாவது அடுக்கு தேவைப்படும் நாளில் ரிசால்வுக்குப் போங்கள், அல்லது ஃபைனல் கட் ப்ரோவுக்கு. ஐமூவி ப்ராஜெக்ட்டை ஃபைனல் கட் அப்படியே திறந்துகொள்ளும்.

விண்டோஸ் 11இல் கிளிப்சாம்ப் ஏற்கெனவே இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2021இல் வாங்கியது. 1080பி வரை வாட்டர்மார்க் இல்லாமல் இலவசம், 4கே வேண்டுமென்றால் காசு. ஐந்து நிமிட வாழ்த்துப் படத்துக்குச் சரி. ஓப்பன்ஷாட் கற்க எளிது, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது, ஆனால் டைம்லைன் நீளும்போது மந்தமாகிவிடும். லைட்வர்க்ஸின் இலவசப் பதிப்பு 720பியோடு நின்றுவிடும் என்பதால் இன்று அதைப் பரிந்துரைக்கக் காரணமில்லை.

கைபேசியிலேயே முடிக்க நினைப்பவர்களுக்கு விஎன் வாட்டர்மார்க் இல்லாமல் தருகிறது. கைன்மாஸ்டரின் இலவசப் பதிப்பு முத்திரை போடும். கேப்கட் இந்தியாவில் அதிகாரபூர்வமாகக் கிடைப்பதில்லை. இணையத்தில் அலையும் 'மாட் ஏபிகே' கோப்புகளை (யாரோ திருத்திய செயலிகளை), கைபேசியில் வங்கிச் செயலி வைத்திருப்பவர் தொடவே கூடாது. உரிமப் பூட்டை உடைத்து உலவும் அடோபி பிரீமியருக்கும் இதே பேச்சுதான்.

காசு கேட்பவை: விலையைவிட விதியைப் படியுங்கள்

விற்பனை மூன்று விதமாக நடக்கிறது. ஒருமுறை கட்டணம், மாத அல்லது ஆண்டுச் சந்தா, மூன்றாவதாக 'நிரந்தரம்' என்று சொல்லி உள்ளுக்குள் எல்லை வைத்திருப்பது.

ஒருமுறை கட்டணத்தில் நேர்மையானவை இரண்டு. ரிசால்வ் ஸ்டுடியோ 295 டாலர். ஒரு உரிமச் சாவியை இரண்டு கணினிகளில் இயக்கலாம். இதுவரை வந்த புதிய பதிப்புகளுக்கு மறுபடி காசு வாங்கியதில்லை. ஃபைனல் கட் ப்ரோ 299.99 டாலர், மேக்கில் மட்டும், 90 நாள் இலவசச் சோதனை உண்டு. பொழுதுபோக்குக்காரருக்கு இரண்டுமே உடனடித் தேவை அல்ல. ரிசால்வின் இலவசப் பதிப்பில் ஆறு மாதம் வேலை செய்த பிறகு, 'இரவுக் காட்சியில் இரைச்சலை நீக்க முடியவில்லையே' என்று குறிப்பான ஒரு குறை தட்டினால் அப்போது வாங்குங்கள். ரிசால்வைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக்கின் சில கேமராக்களோடும் ஸ்பீட் எடிட்டர் விசைப்பலகையோடும் ஸ்டுடியோ சாவி சேர்ந்தே வரும். அப்படி எதையாவது வாங்கும் எண்ணம் இருந்தால் தனியாகச் சாவி வாங்க வேண்டாம்.

சந்தாவில் முன்னால் நிற்பது அடோபியின் பிரீமியர். அதன் திறமையில் சந்தேகமில்லை. மாதாமாதம் காசு கொடுத்துவிட்டு மாதத்தில் ஒரு நாள் திறப்பவருக்கு அது கட்டுபடியாகாது, அவ்வளவுதான். சந்தா எடுக்கும்போது ஒன்றை உற்றுப் பாருங்கள். 'ஆண்டுத் திட்டம், மாதக் கட்டணம்' என்பது மாதச் சந்தா அல்ல, ஆண்டு ஒப்பந்தம். முதல் 14 நாளுக்குப் பின் நடுவே நிறுத்தினால் மிச்ச மாதங்களின் தொகையில் பாதியைக் கட்டச் சொல்லும் விதி அதில் உண்டு. ஒரே ஒரு கல்யாணப் படத்துக்காக எடுப்பவர், விலை கூடுதலாகத் தெரிந்தாலும், உண்மையான மாதத் திட்டத்தை எடுப்பதே லாபம். இன்னொரு பக்கம்: சந்தா முடிந்தால் உங்கள் பழைய ப்ராஜெக்ட்டையே திறக்க முடியாது. முடித்த படம் கையில் இருக்கும், ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட மறுபடி காசு கட்ட வேண்டும்.

மூன்றாவது வகைக்கு உதாரணம் பிரீமியர் எலிமென்ட்ஸ். ஒருமுறை வாங்குவதாகத்தான் தோன்றும். ஆனால் 2025 பதிப்பிலிருந்து உரிமம் மூன்று ஆண்டுக்குத்தான். ஃபிலிமோரா கற்க மிக எளிது என்பது உண்மை. இலவசமாக எடிட் செய்யவிட்டு, ஏற்றுமதியில் முத்திரை போடும். அதன் 'நிரந்தர' உரிமத்தை வாங்கும்போது அடுத்த பெரிய பதிப்பு அதில் சேருமா, எஃபெக்ட் தொகுப்பும் செயற்கை நுண்ணறிவு வசதிகளும் தனிச் சந்தாவா என்று விலைப் பக்கத்தின் அடிக்குறிப்பு வரை படித்துவிட்டு வாங்குங்கள்.

டாலர் விலையை அப்படியே ரூபாயாக்கிப் பட்ஜெட் போடக் கூடாது. 18% ஜிஎஸ்டி, வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் இரண்டும் மேலே ஏறும். 295 டாலருக்கு ஜிஎஸ்டி மட்டுமே 53 டாலர். சோதனைக் காலத்துக்கு அட்டை எண் கேட்டால், முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கைபேசியில் அலாரம் வையுங்கள்.

தமிழ் எழுத்து: இங்கேதான் வழுக்கும்

வெளிநாட்டு ஒப்பீட்டுக் கட்டுரை எதிலும் இது இருக்காது. டைட்டிலில் இந்த ஒரு வரியை ஒட்டிப் பாருங்கள்:

கொக்கு, கௌதாரி, ஸ்ரீரங்கம், லக்ஷ்மி

தமிழில் 'கொ' என்பது தட்டும்போது க, பிறகு ஒகரக் குறி. திரையில் கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் எழுத்துக்கோப்புப் பொறி மென்பொருளில் இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளிவட்டம் தலைகாட்டும், ஸ்ரீ மூன்று துண்டாகும். எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் சரியாகாது, ஏனென்றால் கோளாறு எழுத்துருவில் இல்லை.

கேடென்லைவும் ஷாட்கட்டும் க்யூடி என்ற தளத்தில் எழுதப்பட்டவை. அதன் எழுத்துப் பொறிக்குத் தமிழ் தெரியும். ரிசால்வில் 'டெக்ஸ்ட்', 'டெக்ஸ்ட் பிளஸ்' என்று இரண்டு உண்டு. இரண்டும் வேறு வேறு பொறிகள். பழைய பதிப்புகளில் டெக்ஸ்ட் பிளஸ் இந்திய எழுத்துகளை உடைத்துவிடும். அப்போது சாதா டெக்ஸ்ட்டைப் போட்டுப் பாருங்கள். பிரீமியரில் ப்ரிஃபரென்சஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு புதிதாக எழுதும் டைட்டிலைக் கொண்டுதான் சோதிக்க வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டித் தப்பிக்கும் வழக்கம் ஸ்டுடியோக்களில் இன்றும் உண்டு. அதில் ஒவ்வொரு தமிழ் வடிவமும் ஓர் ஆங்கில விசையில் உட்கார்ந்திருப்பதால் எந்த மென்பொருளிலும் உடையாது. ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் கந்தல்தான் தெரியும். சப்டைட்டிலுக்கு அது உதவவே உதவாது.

எதுவும் ஒத்துவரவில்லையா? இன்க்ஸ்கேப்பில் 1920×1080 பக்கம் திறந்து, டைட்டிலை அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து, மேல் டிராக்கில் போடுங்கள். உலகின் எந்த எடிட்டரிலும் வேலை செய்யும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்தா மலர், பாலு தம்பி எல்லாம் கட்டணமில்லாமல், எந்தப் பயன்பாட்டுக்கும் எடுத்துக்கொள்ளும் உரிமத்தோடு கூகுள் எழுத்துருப் பக்கத்தில் கிடைக்கின்றன. சப்டைட்டிலின் எஸ்ஆர்டி கோப்பை நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். ஆன்சி என்று சேமித்தால் தமிழ் மொத்தமும் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது.

ஒரு மாலைச் சோதனை

மூன்று மென்பொருள்களுக்கு மேல் வேண்டாம். ஒரே கோப்புறையில் இவற்றைச் சேருங்கள்: பத்து நிமிடத்துக்குக் குறையாத ஒரு கைபேசிக் கிளிப், இரவில் பிடித்த ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்த ஒன்று, ஒரு திரைப்பதிவு, ஒரு பாட்டு, நாலைந்து புகைப்படம். அழகான கிளிப்பைத் தேட வேண்டாம். உள்ளதில் மோசமானதே சோதனைக்குத் தோது.

1. எல்லாவற்றையும் உள்ளே இழுங்கள். எது திறக்கவில்லை, எதில் ஒலி மட்டும் வருகிறது என்று குறியுங்கள். ஒலி வந்து படம் வராவிட்டால் அந்தக் கோடெக்கை அந்தப் பதிப்பு அவிழ்க்கவில்லை என்று பொருள்.

2. மூன்று நிமிடப் படம் ஒன்று கட்டுங்கள்: பத்து வெட்டு, ஒரு படத்தின் மேல் இன்னொரு படம், மேலே சொன்ன தமிழ் வரி, பேச்சு வரும் இடத்தில் பாட்டின் ஒலியைக் குறைத்தல், இரவுக் கிளிப்பில் வெளிச்சம் திருத்தல். இதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதைவிட, எத்தனை முறை இணையத்தில் தேட வேண்டியிருந்தது என்று எண்ணுங்கள். பத்துக்கு மேல் போனால் அந்த மென்பொருள் உங்கள் கைக்கு ஒத்துவரவில்லை.

3. ப்ராக்ஸி இல்லாமல் ஒருமுறை, ப்ராக்ஸியோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

4. ஏற்றுமதி செய்யுங்கள், கடிகாரத்தோடு. மூன்று நிமிடப் படத்துக்கு ஆறு நிமிடம் வரை ஏற்கலாம். இருபது ஆனால் ஏற்றுமதி அமைப்பில் வன்பொருள் என்கோடர் (சிப்பே படத்தைச் சுருக்கும் வசதி) தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல்லில் குவிக் சிங்க், என்விடியாவில் என்வென்க் என்ற பெயரில் இருக்கும். இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. முத்திரை, 720பி எல்லை, 'ப்ரோ பதிப்புக்கு மாறுங்கள்' என்ற தடுப்பு எல்லாம் பெரும்பாலும் கடைசிப் பொத்தானை அழுத்திய பிறகுதான் தெரியவரும்.

5. வந்த படத்தைத் தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ கடைசி வினாடி வரை பாருங்கள். பத்து நிமிடக் கிளிப்பைத் தனியாக முழுதும் ஏற்றுமதி செய்து, முடியும் இடத்தில் உதடும் குரலும் சேர்கிறதா என்றும் பாருங்கள்.

6. வேலை நடக்கும்போதே டாஸ்க் மேனேஜரில் மென்பொருளைக் கொன்றுவிடுங்கள். மறுபடி திறக்கும்போது எவ்வளவு வேலை மீண்டது? பிறகு கிளிப் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். தொலைந்த கிளிப்புகளை ஒரே சொடுக்கில் கண்டுபிடிக்கிறதா, ஒவ்வொன்றாகக் கேட்கிறதா?

ஆறாவது படியில் தோற்கும் மென்பொருள் மற்ற ஐந்திலும் வென்றிருந்தாலும் ஒதுக்கிவிடலாம்.

தேர்ந்தெடுத்த பின் முதல் ப்ராஜெக்ட்டில்

ஃபிரேம் ரேட்டை முதலில் முடிவு செய்யுங்கள். ரிசால்வில் கிளிப் உள்ளே வந்துவிட்டால் ப்ராஜெக்ட்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது. பெரும்பாலான கிளிப்புகள் எதில் இருக்கின்றனவோ அதையே வையுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் 30 ஃபிரேமில் பிடித்தால் திரையில் பட்டை ஓடக்கூடும். கேமராவில் வசதி இருந்தால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பிடித்துவிடுங்கள். எந்த எடிட்டராலும் அந்தப் பட்டையைச் சுத்தமாக எடுக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் வந்த கிளிப்புகளை நேராகப் பதிவிறக்கக் கோப்புறையிலிருந்து இழுக்காதீர்கள். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் வீடியோ, ஒலி, படம், ஏற்றுமதி என்று நான்கு. எடிட்டர் கிளிப்பைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது. பென் டிரைவிலிருந்து நேராக எடிட் செய்துவிட்டு டிரைவைப் பிடுங்கினால் டைம்லைன் முழுக்கச் சிவப்பாகும். ஷாட்கட், கேடென்லைவ் ப்ராஜெக்ட்டுகள் சாதாரணக் கோப்புகள். கோப்புறையோடு நகலெடுத்தால் போதும். ரிசால்வ் தன் ப்ராஜெக்ட்டைத் தனித் தரவுத்தளத்தில் வைக்கிறது. கிளிப் கோப்புறையை மட்டும் நகலெடுத்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவினால் எடிட் போயே போய்விடும். ப்ராஜெக்ட் மேனேஜரில் வலச் சொடுக்கிட்டு 'எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட்' கொடுத்து வரும் டிஆர்பி கோப்பையும் சேர்த்து வையுங்கள்.

யூடியூபுக்கு ஏற்றுமதி என்றால் எச்.264, எம்பி4. 1080பி 30 ஃபிரேமுக்கு வினாடிக்கு 8 மெகாபிட், 60 ஃபிரேமுக்கு 12, 4கே 30 ஃபிரேமுக்கு 35 முதல் 45 என்பது யூடியூபே சொல்லும் அளவு. 8 மெகாபிட்டில் பத்து நிமிடப் படம் 600 எம்பி வரும். ஒலி ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ். ஒலியளவை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அருகில் வையுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் யூடியூபே இறக்கிவிடும், குறைவாக வைத்தால் ஏற்றித் தராது. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி நசுக்கும். 'டாக்குமென்ட்' என்று இணையுங்கள்; 2 ஜிபி வரை அப்படியே போய்ச் சேரும்.